கோராவுக்கு ஒரு நாற்காலி

"கை தொங்குது, கோரா! நல்லா நீட்டு! இன்னொரு தடவை!"

பள்ளி ஜிம்மின் ஓரத்தில் உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேனெலுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

கோராவுக்குப் பதினைந்து வயது. முதுகுத்தண்டு வளைந்திருந்தது. ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி நிற்கும். நாள் முழுக்க அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கமான பிளாஸ்டிக் கவசம். விளையாட்டு அணிக்கு உற்சாகமூட்டி ஆடும் சியர்லீடிங் பயிற்சிக்கு மட்டும் அதைக் கழற்றி பெஞ்சில் நிறுத்திவிட்டு வருவாள்.

அப்படிப்பட்ட பெண்ணைப் போய், ஆளைத் தூக்கி நிறுத்தச் சொல்லி இந்தப் பாடு படுத்துகிறாளே இந்தக் கோச் பெவ்!

"மனுஷியா இவ?" என்றாள் ஜேனெல், பக்கத்திலிருந்த லோரியிடம்.

லோரி காபியை உறிஞ்சினாள். "என் பொண்ணையும் உன் டெஸ்ஸாவையும் பாத்துக்கூடத்தான் கத்தறா."

"நம்ம பொண்ணுங்க நல்லா இருக்குங்கடி. கத்தினா தாங்கும்!"

ஜேனெல் க்ரோவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், கேட்பதற்கு முன்பே அவள் சுட்ட கேசரோல் பதார்த்தம் வாசலில் வந்து நிற்கும். காய்ச்சல் விட்டாலும் அவள் விடமாட்டாள்.

பயிற்சி முடிந்ததும் கோச்சை மடக்கினாள்.

"அந்தப் பொண்ணை ஏன் இப்படி வதைக்கிறீங்க?"

"அவ கை தொங்குச்சு. அதான் சொன்னேன்."

"அவ உடம்புக்கு..."

"அவ டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டார். அவளும் ஆடறேங்கறா. நீங்க எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கீங்க, ஜேனெல்?"

ஜேனெல் நேராகப் பிரின்சிபாலிடம் போனாள். கூடவே அணித் தாய்மார்கள் எல்லாரும். பிரின்சிபால் அவர்களைப் பார்த்ததுமே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உண்மையில் அந்தப் பள்ளியில் முதுகெலும்புப் பிரச்சினை அவருக்குத்தான்.

முடிவு இதுதான்: கோரா இனி யாரையும் தூக்க வேண்டாம். மைதானத்தின் முன்னால் ஒரு நாற்காலி போட்டு, மரியாதையாக உட்கார வைப்பது.

"கோராவோட அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றாள் லோரி.

"ஐயோ பாவம், அவளே நொந்து போயிருப்பா. அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

வெள்ளிக்கிழமை பள்ளி அணியின் ஆட்டத்துக்கு ஊரே கூடியது. நாற்காலிக்கு நீல ரிப்பன், பலூன், மெத்தை. தாய்மார்கள் மார்பில் 'கோராவின் துணிவே நம் துணிவு' என்று எழுதிய பனியன்.

கோரா நாற்காலியையும் ஜேனெலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் நிக்கிறேனே, மிஸஸ் க்ரோவர். இந்தக் கவசத்தைப் போட்டுக்கிட்டு நிக்கலாம், நடக்கலாம். உட்கார்றதுதான் கஷ்டம்."

"அதுக்குத்தானே கண்ணு மெத்தை போட்டிருக்கோம்!"

தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

மைக்கைப் பிடித்து ஜேனெல் பேசினாள். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. உட்கார்ந்திருந்தது கோரா ஒருத்திதான்.

பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். கோரா நிற்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி. அவள் கை தொங்கிவிட, மேலே நின்ற டெஸ்ஸா தடுமாறிக் கீழே குதித்தாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் நாற்காலியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோரா, அசைத்து ஆடும் தன் கைக் குஞ்சங்களைக் கோச்சிடம் நீட்டினாள்.

"திங்கக்கிழமை நான் வரலை, கோச்."

"கோரா, நான் திரும்பவும் பிரின்சிபால்கிட்ட..."

"வேண்டாம் கோச். நீங்க கத்தினப்போ நான் உங்க டீம்ல இருந்தேன். இப்போ எல்லாரும் கைதட்டறாங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டா, பாவம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பக்கத்தில் நின்ற ஜேனெல்.

காரில் திரும்பும்போது டெஸ்ஸா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இருபுறமும் சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாடி, எத்தனை பேர் அழுதாங்கன்னு?"

"பாத்தேன்."

"உங்க கோச் இருக்காளே, ஒரு வார்த்தை நன்றி சொல்லலை. கல்நெஞ்சக்காரி."

டெஸ்ஸா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"ஏண்டி முகத்தைத் தூக்கி வச்சிருக்க? ஊரார் பொண்ணுக்கே இவ்வளவு பண்றேன். நாளைக்கு உனக்கு அப்படி ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?"

"நீ சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும்மா," என்றாள் டெஸ்ஸா, ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. "அதான் எனக்கும் முதுகு வளைஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னதை, அப்பாகிட்டயும் கோச்கிட்டயும் மட்டும் சொன்னேன்."