யாரையும் கேட்காத ஊர்

“நீங்க அத்துமீறி நுழைஞ்சீங்களா இல்லையா? சத்தமாச் சொல்லுங்க!”

மேசையைத் தட்டிக் கேட்டாள் ஒடெட். எதிரே குறுகி உட்கார்ந்திருந்த கிளிஃப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நுழைஞ்சேன்மா.”

“யாரைக் கேட்டு நுழைஞ்சீங்க?”

“யாரையும் கேக்கலை... மன்னிச்சுக்கோங்க.”

“மன்னிப்பு எதுக்கு மாமா? அதான் கூடாதுன்னு காலையிலேர்ந்து கத்திட்டிருக்கேன்ல? முறைங்க! எங்கே, முறைச்சுக் காட்டுங்க!”

கிளிஃப்டன் முறைத்தார். வயிற்று வலி வந்தவர் மாதிரி இருந்தது.

சர்ச்சின் அடித்தளத்தில் நடந்தது விசாரணை இல்லை, ஒத்திகை. எங்கள் ஊரை ரவுடி ஊராக்கும் வேலையை ஒடெட் எடுத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் வடகோடியில், எங்களுக்கு அப்பால் மரங்களும் கனடாவும்தான். அந்த ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வக்கீலானவள் அவள். அதனால் எது கெட்டுப்போனாலும், தண்ணீர்க் குழாய் உட்பட, அவளைத்தான் கூப்பிடுவோம்.

இந்த முறை கெட்டது ரோடு. லோவல் இறந்ததும் அவருடைய காட்டை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கி, காட்டு ரோட்டின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டது. எங்களுக்கு விறகும் மான்கறியும் மீனும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒடெட்டின் அப்பா தன் துண்டு நிலத்தில் கட்டிய மரக்குடிசையும் கேட்டுக்கு அந்தப் பக்கம், குளத்தங்கரையில் மாட்டிக்கொண்டது.

சட்டம் ஒரு வினோதப் பிராணி. ஊரார் இருபது வருஷம் ஒரு வழியில் உடையவரைக் கேட்காமல், தங்கள் வழி போலவே போய்வந்திருந்தால் அது பொதுவழி. அனுமதியோடு போயிருந்தால் அது அவர் காட்டிய தயவு. வாங்கியவன் நாளைக்கே நிறுத்தலாம். ஆக, ஜெயிக்க வேண்டுமானால் நாங்கள் மரியாதை கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டும். நாயை மிதித்துவிட்டால் நாயிடமும் மன்னிப்புக் கேட்கிற ஊருக்கு இப்படி ஒரு சோதனை.

ஆனால் வாய் திறந்து லோவலிடம் அனுமதி கேட்டவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. அதில் பொய்யே கிடையாது.

மறுநாள் நீதிமன்றத்தில் நாங்கள் அமர்க்களப்படுத்தினோம். கிளிஃப்டன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “எங்க அப்பன் போனான், நான் போறேன். எவனைக் கேக்கணும்?” என்றார். சர்ச்சில் பாடுகிற வர்னா, “காடு என்ன அவங்க தாத்தா நட்டதா?” என்று கேட்டுவிட்டு, கூண்டிலிருந்து இறங்கியதும் கழிவறைக்குள் போய் அழுதாள்.

கம்பெனி வக்கீல் பிரென்டிஸ் ஒவ்வொரு சாட்சிக்கும் உதட்டைப் பிதுக்கினார். “என்ன ஜனமோ! நாகரிகம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பாங்க போல.”

ஒடெட் பல்லைக் கடித்துக்கொண்டாள். கல்லூரியில் நாலு வருஷமும் அவள் கேட்ட பேச்சு அது. இன்று ஒருநாள் பொறுத்தால் போதும்.

பொறுத்தாள். நீதிபதி எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது எங்களுக்கே தெரிந்தது. “ரோட்டை ஒருதடவை நேர்ல பாத்துடலாம். அப்புறம் தீர்ப்பைச் சொல்றேன்,” என்றார்.

பனி உருகி எல்லாம் சேறாகக் கிடந்த மாதம். நீதிபதியின் கார் முதல் மேட்டிலேயே புதைந்தது. ஒடெட்டின் பிக்கப் வண்டியில் அவர் முன்னால் ஏறிக்கொள்ள, பிரென்டிஸ் பின் இருக்கையில் மூக்கைச் சுளித்தபடி உட்கார்ந்தார். திறந்த பின்தட்டில் நாங்கள் நாலு பேர், ஜெயித்த முகத்தோடு, சேற்றில் நனைந்தபடி நின்றோம்.

ரோடு தொடங்கும் வளைவில் லோவலின் வீடு. ஆளில்லாமல், ஜன்னல்களில் பலகை அடித்துக் கிடந்தது.

ஒடெட்டின் கால் ஆக்சிலரேட்டரில் தானாகத் தளர்ந்தது. கை தானாகப் போனது. பாம், பாம். வண்டி ஒரு கணம் நின்றது. அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பி மீண்டது.

பிரென்டிஸ் சிரித்தார். “காலி வீட்டு முன்னாடியும் ஹாரனா? காட்டுமிராண்டிங்க! செத்தவனையும் நிம்மதியா விடமாட்டீங்களா?”

பின்தட்டிலிருந்து கிளிஃப்டன் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். ஒடெட்டின் காதில் விழவில்லை. அவள் கழுத்து வரை சிவந்திருந்தது.

“யாரைப் பாத்துக் காட்டுமிராண்டின்னு சொல்றீங்க? லோவல் இருந்தவரைக்கும் இந்த வளைவுல ரெண்டு ஹாரன் அடிக்காம எங்க ஊர் வண்டி ஒண்ணுகூடத் தாண்டினதில்லை! அவரு ஜன்னலுக்கு வந்து கையைத் தூக்கின அப்புறம்தான் மேல போவோம். மரியாதையை நீங்க ஒண்ணும் எங்களுக்குக் கத்துத்தர வேணாம்!”

பிரென்டிஸ் அவசரமாக நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

நீதிபதி மெல்லத் திரும்பினார். “அவர் கையைத் தூக்கலைன்னா?”

“திரும்பிடுவோம் சார். அவரு ரோடாச்சே!”