சின்னச் சட்டி

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர்: கறிக்கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, மகள், மருமகன். ஆறாவது நாற்காலிக்கு உரிய மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பலோடு காணாமற்போய் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன.

கப்பல் காணாமற்போன வாரத்திலிருந்து கறிக்கடைக்காரர் கறி உண்பதில்லை. பகலெல்லாம் பிறருக்கு வெட்டிக் கொடுப்பார்; கடையைச் சாத்தியபின் துறைமுகத்துக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வீடு திரும்புவார். மனைவி சின்னச் சட்டியில் அவருக்கென்று தனியாக வேகவைத்த பயறும் கீரையும்தான் அவர் உணவு.

மகன் வரும்வரை அவர் கறி தொடமாட்டாராம் என்று ஊர் பேசிக்கொண்டது. பேசியதோடு நிற்கவில்லை.

“கடைக்காரரே தின்ன மாட்டேங்கறாரு, அப்ப கறியில என்னவோ கோளாறு இருக்கு” என்று கடை வாசலிலேயே கேலி செய்தார்கள். விருந்துக்குப் போன இடங்களில், “துண்டை ஒதுக்கிட்டு சாறை மட்டும் ஊத்திக்கங்க, யாருக்குத் தெரியப் போகுது?” என்று வற்புறுத்தினார்கள்.

“எனக்குத் தெரியும்” என்பார். வெறும் சோற்றைப் பிசைந்து உண்டு எழுவார்.

முதல் துக்கத்தில் மனைவியின் தம்பியும் அதே விரதத்தைக் கைக்கொண்டான். அடுத்து வந்த கல்யாணப் பந்தியோடு அது முடிந்தது. “எனக்கு உடம்புல சத்து போதலைக்கா” என்று தமக்கையிடம் காரணமும் சொன்னான்.

ஐந்து பேரும் மேசையில் கூடிய அன்று மாலை, வழக்கத்துக்கு முன்பாகவே கறிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் இருந்த கறிப் பொட்டலத்தை அடுப்பருகே வைத்தார்.

“இன்னைக்கு எனக்கும் சேர்த்து வை.”

மனைவியின் கை கரண்டியோடு நின்றது. முகம் ஒரு கணம் மலர்ந்தது.

“சேதி வந்துதா?”

“ஒண்ணும் வரலை.”

“துறைமுகத்துல யாராவது ஏதாவது...”

“அங்க போகலை. கடையிலிருந்து நேரா வந்துட்டேன்.”

அவள் கறியைச் சமைத்தாள். சின்னச் சட்டியையும் வழக்கம்போல அடுப்பில் ஏற்றினாள்.

எல்லாரும் உட்கார்ந்தபோது, கறிக்கடைக்காரர் கறி இருந்த பெரிய பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அத்தான், பாத்திரம் மாறிப்போச்சு” என்றான் மனைவியின் தம்பி.

“மாறலை.”

“தேன் எடுக்கறவன் எத்தனை நாளைக்குப் புறங்கையை நக்காம இருப்பான்?” என்று மருமகன் சிரித்தான். “நல்லாச் சாப்பிடுங்க மாமா. உங்க கடைச் சரக்கு எப்படி இருக்குன்னு உங்களுக்கும் தெரியட்டும்.”

மகள் கணவனை முறைத்தாள். பிறகு தந்தை பக்கம் திரும்பினாள்.

“உங்க இஷ்டம்ப்பா. ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அவர் ஒரு துண்டை வாயில் இட்டு நெடுநேரம் மென்றார். ஆசைப்பட்டு உண்பவரின் முகம் அதுவன்று. முகத்தைப் பார்க்கத்தான் அங்கே எவருக்கும் பொறுமையில்லை.

“ஊரெல்லாம் உங்களைத் தலைமேல தூக்கி வச்சுப் பேசினேனே அத்தான்!” தம்பி தட்டைத் தள்ளி வைத்தான், அதில் இருந்த எலும்புகள் ஓரமாகச் சரிந்தன. “நாக்கு இவ்வளவு நீளமா? பெத்த பிள்ளையைவிட ஒரு துண்டு கறி பெருசாப் போச்சா?”

“நீ சும்மா இருடா” என்றாள் மனைவி.

அவள் கணவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

“நான் உங்களை வேற என்ன கேட்டேன்? அந்தச் சட்டியை அடுப்புல வைக்கறப்ப எல்லாம், இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்கு வந்துடுவான்னு வச்சேன். ‘அப்பா இன்னும் கறி தொடலைடா’ன்னு அவன் வந்ததும் சொல்லணும்னு வச்சேன். அதைக்கூட உங்களால விட்டுவைக்க முடியலையா? நாக்கு அவ்வளவு கேட்டுதா?”

கறிக்கடைக்காரர் கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

“எப்படிப் பதில் சொல்லுவாரு?” தம்பி விடவில்லை. “சொன்ன சொல் தவறாதவர்னு பேரு! ‘அவன் வர்ற வரைக்கும் தொடமாட்டேன்’னு இதே மேசையில, எங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா இல்லையா?”

“அப்படிச் சொல்லலை.”

“சரியாப் போச்சு! இனிமே சொல்லவே இல்லைன்னு சாதிப்பாரு.”

“வேற எப்படிப்பா சொன்னீங்க?” என்றாள் மகள்.

கறிக்கடைக்காரர் தட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“‘வருவான்னு நம்புற வரைக்கும் தொடமாட்டேன்’னு சொன்னேன்.”

தம்பி தட்டின் ஓரம் சரிந்த எலும்புகளை நடுவே தள்ளினான்.

மனைவி எழுந்தாள். சின்னச் சட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பாராமலே அதன் அடியில் எரிந்த நெருப்பை அணைத்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு துறைமுகத்தை நோக்கி நடந்தாள்.