கடைவாயில் ஒரு சித்தரத்தை

ஆப்பிரிக்காவில் தாங்கனிக்கா ஏரிக்கரைக் காட்டில் சிம்பன்சிகளைப் பார்க்கப் போன அன்று எனக்குச் சளி. இருமினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புறப்படும்போது மகள் நறுமுகை பையில் போட்டுவிட்ட சித்தரத்தைத் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டேன். இருமல் வரவில்லை. வாசலில் இருமலைக் கண்டுபிடிக்க வைத்திருந்த சோதனை இயந்திரம் ஏமாந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு தாய்ச் சிம்பன்சி சளி முற்றிச் செத்தது. கிருமி என்னுடையதுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

தண்டனை இதுதான்: தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்துத் திரையில் அதன் குட்டி நேரலையில் வரும். அரைமணி நேரம் நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேற்று குட்டி இருமியது. நறுமுகை சமையலறைக்கு ஓடிப்போய்ச் சித்தரத்தையோடு வந்தாள்.

"இதை அதுக்கு அனுப்புப்பா. உனக்கு உடனே நின்னுச்சுன்னு சொன்னியே!"