உட்கார்ந்தால் உடுப்பு

“கையைத் தூக்குங்க சார்.”

சக்கரபாணி கைகளைத் தூக்கினார். பெரியநாயகி அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, தோல்வாரை இழுத்து, ஓர் ஓட்டையில் பக்கிளை மாட்டினாள்.

“இறுக்குதேம்மா.”

“எங்க சரக்கு சூளையில சுருங்கும். இது கப்பல்ல வந்ததில்லையா, சுருங்கியிருக்கும் சார்.”

மூலையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஆராயி, சிரிப்பை அடக்க பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டாள்.

சுங்க அதிகாரி ஒருவர் பீங்கான் பொம்மைக் கொட்டகையின் நடுவில் சீமைப் போர்வீரனின் தோல்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பது, விருத்தாசலத்தில் தினம் நடக்கிற காரியமில்லை.

விஷயம் இதுதான். டென்மார்க் வியாபாரி ஒருவர் பெரியநாயகியிடம் பீங்கானில் சதுரங்கக் காய்கள் கேட்டிருந்தார். சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் தோல்கவசம் வேண்டும் என்று படமும் அனுப்பினார். படத்தைப் பார்த்து அவள் செய்த முதல் சிப்பாய், பனியனோடு பல் தேய்க்கக் கிளம்பியவன் மாதிரி சூளையிலிருந்து வெளியே வந்தான். இப்போதும் அலமாரியில் அப்படியேதான் நிற்கிறான்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. ‘நிஜக் கவசத்தையே அனுப்புகிறேன், பார்த்துச் செய்யுங்கள்.’

பார்சல் சுங்கத்தில் சக்கரபாணி கையில் வந்து நின்றுவிட்டது. எந்த வரி என்று பார்க்க அவரே அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தார்.

மனிதர் உடுத்துகிற உடுப்பு என்றால் ஒரு வரி. அதைக் கட்டக் கொட்டகையை விற்க வேண்டும். தொழிலுக்கு வந்த மாதிரிப் பொருள் என்றால் வரி பேருக்குத்தான். கவசம் திரும்பிப் போனால் ஆர்டரும் கூடவே போய்விடும். அப்புறம் சூளையில் அடுக்கப் பொம்மை இருக்காது, ஆராயிக்கு வேலை இருக்காது.

“மாதிரிதான்னு எனக்குத் தெரியுதும்மா,” என்றார் சக்கரபாணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. “மேல இருக்கறவங்க காரணம் கேப்பாங்களே. மனுசன் போட முடியுதுல்ல, அப்ப உடுப்புன்னு போடுய்யாம்பாங்க.”

“அதான் போட்டுட்டீங்களே.”

“போட்டா ஆச்சா? உடுப்புன்னா உக்காரணும். குனியணும். சோறு திங்கணும்.”

“அதுவும் சரிதான். ஆராயி, சாருக்கு ஒரு ஸ்டூலு போடு.”

ஆராயி போட்டாள்.

சக்கரபாணி பாதி தூரம் இறங்கினார். கவசத்தின் கீழ்விளிம்பு தொடையில் முட்டியது. மேல்விளிம்பு தாடையைத் தூக்கியது. கூரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஸ்டூலைத் தேடினார்.

ஸ்டூல் அகப்படவில்லை.

பொம்மைகளைக் கட்டி அனுப்பக் குவித்திருந்த வைக்கோலில் மல்லாந்து விழுந்தார்.

“ஐயோ சார்! அடி கிடி பட்டுதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. பொம்ம ஏதும் ஒடைஞ்சுதா பாருங்க.”

உடையவில்லை. பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை நிமிர்த்தி வைத்தார்கள். தலையில் ஒட்டியிருந்த வைக்கோலோடு அவர் சிரிக்கப் பார்த்தார். கவசத்துக்குள் அதற்கும் இடமில்லை.

“இத மாட்டிக்கிட்டு எவன் சார் சண்ட போட்டிருப்பான்?” என்றாள் ஆராயி.

“விழுந்து கெடக்குறவன எவனும் வெட்ட மாட்டான்னு நெனச்சிருப்பான்.”

அதற்குமேல் ஆராயியால் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கவசத்தைக் கழற்றியதும் சக்கரபாணி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்: ‘அணிந்து பார்க்கப்பட்டது. உட்காரவும் குனியவும் இயலவில்லை. உடுப்பு அல்ல, தொழில் மாதிரி.’ கையெழுத்துப் போட்டார். டீயைக் குடித்தார். போயிட்டு வரேன் என்று கிளம்பினார்.

ஸ்கூட்டர் சத்தம் ரோட்டு முனை திரும்பியது. பெரியநாயகி வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். பிறகு கவசத்தைக் கையில் எடுத்தாள்.

“ஆராயி, நீ மாட்டு. தோலு எங்க எப்படி மடியுதுன்னு பாக்கணும்.”

ஆராயி, சக்கரபாணியைவிட இரண்டு சுற்றுப் பெருத்தவள்.

பெரியநாயகி வாரை மாட்டினாள். ஆராயி நின்றாள், நடந்தாள், குனிந்து தூக்குவாளியை எடுத்தாள். சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து மோர்ச்சோற்றை ஒரு வாய் வைத்தாள்.

“அக்கா, நல்ல உடுப்புக்கா இது.”

“அடி, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத!”

“யாரு கேக்கப் போறா?”

வாசலில் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார்.

“கண்ணாடிய வச்சுட்டுப் போயிட்டேன்,” என்றார்.

ஆராயிக்குச் சோறு இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

அவர் உள்ளே வந்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். ஆராயியின் முதுகுப் பக்கம் குனிந்து வாரைப் பார்த்தார்.

“திருவிழாக் கூத்துல எங்க ஊருக்கு நாந்தாம்மா துரியோதனன்,” என்றார். “எந்த ஓட்டைக்கு இழுத்துக் கட்டுறாங்கன்னு என் முதுகுக்குத் தெரியாதா?”



சக்கரபாணி அலமாரியிலிருந்த பனியன் சிப்பாயை எடுத்தார். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். இப்போது சிரிக்கத் தாராளமாக இடமிருந்தது; வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அவனைப் பத்திரமாக அவள் கையில் வைத்தார்.

“இவனுக்காவது சரியான ஓட்டையில கட்டி விடுங்க.”