பிழையில்லாத பட்டியல்

புல்டோசர் சந்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. கணக்கு டீச்சர் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீடு இந்தச் சந்தில்தான்.

“தள்ளி நில்லுங்கம்மா,” என்றார் நகராட்சி அதிகாரி. “லிஸ்ட்ல இருக்கிற வீட்டைத்தான் இடிக்கிறோம்.”

“இங்க ஒரு வீட்டுக்கும் நம்பரே கிடையாது சார். அப்புறம் லிஸ்ட் எங்கேருந்து வந்துச்சு? தப்பான லிஸ்டை வெச்சு இடிச்சா நான் கோர்ட்டுக்குப் போவேன்.”

“விடாதீங்க டீச்சர்,” என்றாள் பின்னால் நின்ற ஒரு மாணவியின் அம்மா. அவள் இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பாத்திர மூட்டை.

அதிகாரிக்குக் கோபமே வரவில்லை. “தாராளமா போங்க. எங்க சர்வேயர் ரெண்டு வருஷம் முட்டி மோதியும் எண்ண முடியாத சந்து இது. இந்த லிஸ்ட்ல வீட்டுக்கு எத்தனை பேர், சுவர் எத்தனை அடி, தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாங்க, எல்லாம் இருக்கு. எந்த ஜட்ஜும் குறை சொல்ல முடியாது.”

டீச்சர் லிஸ்டை வாங்கக் கை நீட்டினாள். “தண்ணிக்கா?”

“ஆமா. தெருக்குழாய் கேட்டுப் போன மாசம் ஒரு மனு வந்துச்சு. அதோட இந்த லிஸ்டையும் இணைச்சிருந்தாங்க.”

அவர் நீட்டிய தாள்களில் பிள்ளைகளின் பென்சில் எழுத்து. நியாயம் கேட்கவும் கணக்கு தெரிய வேண்டும் என்று சொல்லி அவள் கொடுத்த வீட்டுப்பாடம். கடைசித் தாளின் அடியில் அவளே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்:

“ஒரு வீடுகூட விடுபடவில்லை. நூற்றுக்கு நூறு.”