பீட்காரன் ஜெராட் காலமானார்

"மரண அறிவித்தல். தோட்டவெளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட பீட்காரன் ஜெராட் இன்று காலமானார்."

கீரி வீதியில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. வீதியை மறித்து நின்ற கழுதைகளை ஏசுவதற்காகக் கார்க் கண்ணாடியை இறக்கிய டிலோஜனின் காதில் அது விழுந்தது.

நல்ல கனமான குரல், யாரென்று விசாரித்துத் தன் அடுத்த பாட்டில் போடவேண்டும் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். பெயர் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அப்போதும் அவனுக்குத் துக்கம் வரவில்லை. 'என்ர எட்டு பீட்டும் போச்சே' என்று வயிறு எரிந்தது. கண்ணாடியை ஏற்றி, மிச்சத்தைக் கேளாமலே காரைத் தோட்டவெளிப் பக்கம் திருப்பினான்.

மன்னாரில் ராப் என்றால் டிலோஜன்தான். போஸ்டரில் அவன் முகம், மேடையில் அவன் பெயர். பாட்டுக்கு அடியில் ஓடும் இசையை, அதுதான் இவர்கள் பீட் என்பதை, ஆறு வருசமாகச் செய்து கொடுத்தவன் ஜெராட். அவன் பெயர் எந்தப் போஸ்டரிலும் ஒரு மூலையில்கூட இருந்ததில்லை.

போன வருசம் ஒருநாள், தானும் ஒரு பாட்டுப் பாடிப் பார்க்கட்டுமா என்று ஜெராட் கூச்சத்தோடு கேட்டான். டிலோஜன் பத்துப் பேருக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்தான். "உன்ர குரல் செத்தவீட்டுக்குத்தான் சரி," என்றான்.

அன்றோடு ஜெராட் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டான். செய்து முடித்து வைத்திருந்த எட்டு பீட்டையும் கொடுக்கவில்லை. அந்த எட்டும் இல்லாவிட்டால் டிலோஜனுக்குப் புது ஆல்பம் இல்லை. சொந்தமாக ஒரு தாளம் போட அவனுக்குத் தெரியாது என்பது ஊருக்குத் தெரியாது. அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெராட்டின் முற்றத்தில் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார்கள். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினிலிருந்து நீலக் கதிரைகள் இறங்கின. கறுப்பு ரீசேர்ட் போட்ட நாலைந்து பெடியன்கள் டிலோஜனைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். விறாந்தையில் சவப்பெட்டியைக் காணவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லைப் போல, நல்லதாய்ப் போயிற்று என்று அவன் நினைத்தான்.

வாசலில் ஜெராட்டின் தங்கை தர்ஷிகா நின்றாள். அவள் முகம் இறுகிக் கிடந்தது. அழுது ஓய்ந்த முகம் என்று டிலோஜன் எடுத்துக்கொண்டான்.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"கேள்விப்பட்ட உடன வந்திட்டன். நம்பேலாமக் கிடக்கு."

"நீங்கள் நம்பமாட்டீங்கள் எண்டு எங்களுக்கு முதலே தெரியும்."

"சரி, சரி. அவன்ர அறையை ஒருக்காப் பாக்கவேணும்."

"இப்ப ஏலாது. அங்க சத்தம் கேக்கக்கூடாது."

"நான் என்ன கூத்தாடவோ வந்தனான்? விலகு."

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அறை பழையபடியே இருந்தது. கம்பியூட்டர் எரிந்துகொண்டிருந்தது. மூலையில் அந்தப் பெரிய மர அலுமாரி கதவு சாத்தியபடி நின்றது. வெளிச்சத்தம் விழாமல் இருக்க, அதற்குள் தொங்கும் சேலைகளுக்கு நடுவில் வியர்த்து வழிந்தபடி நின்றுதான் டிலோஜன் தன் பாட்டுகளை எல்லாம் பாடிப் பதிந்திருக்கிறான். இன்றைக்கு அவன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

கண் முழுக்க மேசையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

"அதில கை வைக்காதேங்கோ," என்றாள் பின்னால் வந்த தர்ஷிகா.

"இது எனக்கு வரவேண்டிய சாமான். போன கிழமை போன் எடுத்து அழுதவன். எட்டையும் நீயே எடு மச்சான், எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டவன்."

"ஆர், அண்ணாவோ?"

"ஓம். மடு மாதா ஆணை."

தர்ஷிகா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்ப அண்ணாவையே கேப்பம்."

டிலோஜனுக்குக் கோபம் தலைக்கேறியது. இழவு வீடு என்ற மரியாதை எல்லாம் பறந்துபோனது.

"உனக்கென்ன விசரோ? ஆறு வருசமா என்ர பேரைச் சொல்லிக் கிடந்தவன். இனி என்ன, செத்தவன் எழும்பி வந்து பாடப்போறானோ?"

சொல்லிக்கொண்டே ஹார்ட் டிஸ்க்கை வயரோடு பிடுங்கினான். கம்பியூட்டர் கீச்சென்று கத்தியது.

அலுமாரிக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போனும் கையில் எழுதிய தாளுமாக ஜெராட் வெளியே வந்தான். செத்தவனுக்கு உரிய அடக்கம் எதுவும் அவனிடம் இல்லை. பாடிப் பதிந்துகொண்டிருந்தது பாதியில் அறுந்த கோபத்தில் இருந்தான்.

டிலோஜன் பின்வாங்கி மேசையில் மோதிக்கொண்டான். "ஓட்டோவில... உன்ர மரண அறிவித்தல் போகுது."

"அது என்ர முதல் பாட்டின்ர தொடக்கம். பீட்காரன் செத்தான், பாட்டுக்காரன் வந்தான் எண்டு மிச்சம் போகும். பின்னேரம் முற்றத்தில வெளியீடு. முழுசாக் கேட்டிட்டு வந்திருக்கலாம்."

ஜெராட் எட்டி அவன் கையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பறித்தான். "இந்த எட்டுக்கும் இனி நான்தான் பாடுறன்."

வெளியே முற்றத்தில் பெடியன்கள் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தார்கள். மரண அறிவித்தல் என்று அதே குரல் வீடு அதிர எழுந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்தும் டிலோஜனின் வாய் கேட்டுவிட்டது.

"இது ஆரின்ர குரல்?"

ஜெராட் அவனுக்குக் கதவைக் காட்டினான்.

"செத்தவீட்டுக்குத்தான் சரி எண்டு நீ சொன்ன குரல்."