வில்லைப் பலகை

“அந்தப் பதினொரு முகத்தையும் அழிச்சிடும்மா. தபால்தலை வாங்க வர்றவங்களை எதுக்கு அழ வைக்கணும்?” என்றார் தேயர், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

தபாலாபீஸ் சுவரோரம் ஏணி உச்சியில் தூரிகையோடு நின்ற லெனோரா திரும்பிப் பார்த்தாள். பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரி ஊரில் பாதி, சுரங்க முதலாளி தேயருடையது. ஆனால் தபாலாபீஸ் சர்க்காருடையது. முப்பதுகளின் அந்தப் பஞ்ச காலத்தில் பிழைப்பில்லாத ஓவியர்களுக்குச் சுவரைக் கொடுத்து, உழைக்கிறவர்களை வரையச் சொன்னதும் சர்க்கார்தான்.

அவள் வரைந்திருந்தது, மூன்று வருடம் முன்பு நான்காம் சுரங்கத்தில் மாண்டவர்களை. தீ பரவுகிறது என்று, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே தேயர் சுரங்க வாயை அடைத்துவிட்டார். உடல்கள்கூட வெளியே வரவில்லை. விதவைகள் கொண்டுவந்த கல்யாணப் போட்டோக்களைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முகமாக எழுதியிருந்தாள்.

“முடியாதுன்னு சொன்னா?”

தேயர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வாஷிங்டனிலிருந்து வந்தது. பணமுள்ளவன் கேட்டால் கடிதம் சீக்கிரம் வந்துவிடும். முகங்களை மாற்றாவிட்டால் சுவர் முழுவதும் வெள்ளையடிக்கப்படும் என்றிருந்தது.

“சாயங்காலம் வேலை முடிஞ்சு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற மாதிரி வரை. லட்சணமா இருக்கும்.”

லெனோரா அழுதுகொண்டேதான் அழித்தாள். கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த ஜுஜானாவை ஏறிட்டுப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. அழிந்ததில் ஒரு முகம் ஜுஜானாவின் கணவனுடையது.

“என்னை வாய்விட்டுத் திட்டிடுங்க. மனசு ஆறும்.”

“திட்டினா வந்துடுவாரா? பார்த்து எறங்கும்மா, தரை ஈரமா இருக்கு.”

பத்து நாள் கழித்து தேயர் மறுபடி வந்தார். சுவரில் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கை வீசிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவருக்குப் பரம திருப்தி. ஒரு குறைதான்.

“அதென்ன, வாசல் பக்கத்துல மொட்டைப் பலகை?”

“ஆளுங்க நம்பர் வில்லை மாட்டுற பலகை சார். நேத்து சாயங்காலம் நேர்ல பார்த்துத்தான் வரைஞ்சேன்.”

“வெறும் ஆணியா இருந்தா கம்பெனியே காலியான மாதிரி இருக்கு. பளபளன்னு நாலு பித்தளை வில்லையை மாட்டு.” சுரங்கத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர் அவர்.

“என்ன நம்பர் போடறது?”

“ஏதோ ஒண்ணு. நம்பர்ல என்ன இருக்கு?”

“நான் சொல்லட்டுங்களா ஐயா?” மூலையிலிருந்து ஜுஜானாவின் குரல்.

“உனக்கு நம்பரெல்லாம் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியுங்க.”

தேயர் வாய்விட்டுச் சிரித்தார். “சரி, சொல்லு.”

பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடியே ஜுஜானா கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். லெனோரா குறித்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு ஊரே மாதாகோயில் உடுப்பில் வந்திருந்தது. பேசிக்கொண்டே நுழைந்த சுரங்கத்து ஆட்கள் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

“மரியாதையைப் பார்த்தீங்களா?” என்று தேயர் பத்திரிகைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்தினார். “அந்தப் பலகையில வில்லை மாட்டச் சொன்னது நான்தான். என் யோசனைன்னே எழுதுங்க!” பலகைக்கு நேர் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

லெனோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன் எல்லாரும் அந்தப் பலகையையே பார்க்கிறாங்க?” என்று ஜுஜானாவின் காதில் கேட்டாள்.

கறுப்பு உடுப்பில், விழாவுக்கே தலைவி போல நிமிர்ந்து நின்றிருந்தாள் ஜுஜானா.

“உள்ளே போறவன் வில்லையை மாட்டிட்டுப் போவான். வெளியே வந்ததும் கையோட எடுத்துக்குவான். சாயங்காலம் பலகை காலியாத்தாம்மா இருக்கணும். ஒரு வில்லை தொங்கினா, ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கான்னு அர்த்தம்” என்றவள், தேயரின் தலைக்கு மேலே மின்னிய பதினொரு வில்லைகளில் ஒன்றை எல்லாரும் பார்க்கக் கைநீட்டிக் காட்டினாள். “அதோ, இருநூத்திப் பதினாலு. எங்க வீட்டுக்காரர்.”